பாராமகால் ஆவணங்கள் சென்னையிலும் இருக்கின்றன

ஒரு பதிவில், 1792 முதல் 1799 வரையிலான பாராமகால் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதி) ஆவணங்கள் முழுவதும் லண்டனுக்குப் போய்விட்டன, இங்கே எதுவும் இல்லை என்று எழுதப்பட்டுள்ளது. பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியல்ல.

லண்டனில் இருப்பது, பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோவின் தனிப்பட்ட தாள்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் ‘எம்எஸ்எஸ் யூர் எஃப்151’ (Mss Eur F151) என்ற பட்டியல் எண்ணில் உள்ளன. அப்போது பாராமகால் கலெக்டராக இருந்த அலெக்சாண்டர் ரீடும், மன்றோ உள்ளிட்ட அவருடைய உதவியாளர்களும் எழுதிய நிர்வாக ஆவணங்கள் வேறு. அவை சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் பல பகுதிகளை 1907 முதல் சென்னை அரசு அச்சகம் ‘பாராமகால் ரெக்கார்ட்ஸ்’ என்ற பெயரில் அச்சிட்டது. குடிமக்கள், விளைபொருள், நிலவரி எனத் தனித்தனிப் பகுதிகள். நம் ஊர் வரலாறு தேடுபவர்கள் முதலில் எடுக்க வேண்டியது இதைத்தான்.

சரிபார்க்க, இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் ஆங்கில எழுத்தில் ‘Baramahal Records’ என்ற தலைப்பைத் தேடுங்கள். மாவட்டப் பெயரில் தேடினால் கிடைக்காமல் போகலாம். பலர் ஏமாறுவது இங்கேதான். தர்மபுரி மாவட்டம் 1965-லும் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-லும்தான் வந்தன. பழைய பட்டியல்களில் ‘பாராமகால்’, ‘சேலம்’ என்றே இருக்கும், ஊர்ப்பெயர் எழுத்துகளும் மாறும். ஓசூர் பக்கம் 1799-க்குப் பிறகே கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது, அதைப் ‘பாலகாட்’ என்றும் தேடிப் பாருங்கள்.

மூல ஏடுகளையே பார்க்க வேண்டுமென்றால் எழும்பூரில் முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அச்சுப் பிரதியில் பகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் தேடும் நேரம் மிச்சமாகும்.