ரசீதுக்கு நீச்சல் தெரியாது

வெள்ள இழப்பீட்டைப் பற்றிய அந்த நேரலைப் பேச்சைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாள்களாக இருந்தேன். நீங்களெல்லாம் பார்த்திருப்பீர்கள், பார்க்காதவர்களுக்கும் அந்த இருபது விநாடித் துண்டு இதற்குள் இரண்டு குழுக்களிலாவது வந்து சேர்ந்திருக்கும். "உரிய ஆவணங்களைக் கொடுத்தவர்கள் யாருக்கும் பணம் நிற்கவில்லை, மக்களுக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்" என்று அந்தப் பெரிய மனிதர் சொன்னபோது, அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில் கோப்புகள் வரிசையாக, ஒரு துளி ஈரம் படாமல், முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தன. அவர் பேச்சைவிட அந்த அலமாரிதான் எனக்கு உறுத்தியது. எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அலமாரி இருந்தது. ரசீதுகள் கீழிருந்து மூன்றாம் தட்டில் இருந்தன. தண்ணீர் நான்காம் தட்டு வரை வந்தது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் இந்தப் பதிவு முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன், சலித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளத்தில் பொருளைப் பறிகொடுத்தவனிடம், அதே வெள்ளத்தில் போன காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினால்தான் உன் இழப்பை நம்புவேன் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? வீடு மூழ்கும்போது பொருள் ஒரு பக்கமும் ரசீது ஒரு பக்கமுமாக மூழ்குவதில்லையே.

தண்ணீர் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் கதவைத் தள்ளினால் உள்ளே ஏதோ தடுத்தது. ஃபிரிட்ஜ் மிதந்து வந்து கதவோரம் சாய்ந்து படுத்திருந்தது. முதலில் நான் தேடிப் போனது அந்த மூன்றாம் தட்டைத்தான். கையை விட்டால் கூழ். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தபோது விரலிடுக்கில் நீல மை கலந்த சேறு வழிந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு அவ்வளவுதான். (இப்போதெல்லாம் கடைகளில் தரும் வழவழப்பான ரசீது வெள்ளமே வராவிட்டாலும் ஓராண்டில் வெளுத்து வெறும் தாளாகிவிடுகிறது, அது வேறு கதை.)

நான்காம் நாள் ஒலிபெருக்கி கட்டிய குப்பை லாரி வந்தது. நோய் பரவும், நனைந்த மெத்தை, மரச் சாமான், துணி எல்லாவற்றையும் உடனே தெருவில் போடுங்கள் என்று அறிவித்தார்கள். போட்டோம். மெத்தையை இருவர் சேர்ந்தும் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டுதான் போனோம். பதினோராம் நாள், சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பட்டியலில் விரலை வைத்து, "மெத்தை எங்கே?" என்று கேட்டார். லாரியில் போயிற்று என்றேன். "பொருளைப் பார்க்காமல் நான் எப்படி எழுதுவது?" என்றார். அவர் குரலில் கடுமை எதுவும் இல்லை. அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை. ஓர் அலுவலகம் எறியச் சொல்கிறது, இன்னோர் அலுவலகம் எறிந்ததைக் காட்டச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் சேற்றுக் காலோடு நிற்கிறேன்.

அரசு நிவாரணத்துக்குப் போனால் அங்கே வேறு வாசல். "காப்பீடு இருக்கிறதா? அப்படியானால் அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் அல்லது ஏன் மறுத்தார்கள் என்று எழுத்தில் வாங்கி வாருங்கள்" என்றார்கள். ஒரே இழப்புக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது என்பது நியாயமான விதிதான், அமெரிக்கப் பேரிடர் சட்டத்திலும் அது இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் காப்பீட்டு அலுவலகத்தில் ஐந்து மாதமாக என் கோப்பு "பரிசீலனையில்" இருக்கிறது. கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுப்புக் கடிதம் ஒன்றைத் தாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டு நிற்கும் நிலை உலகத்தில் வேறு எங்கே வரும் என்று தெரியவில்லை. காப்பீடே எடுக்காத பக்கத்து வீட்டுக்காரருக்கு நிவாரணத் தொகை வந்துவிட்டது. அவருக்கு வந்ததில் எனக்குப் பொறாமை இல்லை. ஆண்டு தவறாமல் பிரீமியம் கட்டிய என் முட்டாள்தனத்தின் மேல்தான் கோபம்.

இனி வரப்போகும் கேள்விகள் எனக்குத் தெரியும். "எல்லாவற்றையும் படம் எடுத்து இணையத்தில் சேமித்து வைத்திருக்கலாமே?" வைத்திருக்கலாம். நள்ளிரவில் படுக்கையறைக்குள் தண்ணீர் வந்தபோது நான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். ஏறுவதற்கு முன் கரண்டிகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்திருக்க வேண்டும், தவறுதான், மன்னியுங்கள்.

"பொய்க் கணக்கு எழுதுகிறவர்களும் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு முன்பே பழுதாகிக் கிடந்த தொலைக்காட்சியைப் பட்டியலில் சேர்த்தவரை எனக்கே தெரியும். அதற்காகத்தானே சர்வேயர் என்று ஒருவர் இருக்கிறார்? சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு இருக்கிறது, தெரு முழுக்க அதே உயரத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே இருந்த மெத்தை நனைந்திருக்கும் என்று ஊகிக்க ரசீது வேண்டுமா?

"ஆற்றோரம் ஏன் குடியிருக்கிறீர்கள்?" இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

"பாலிசியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது உங்கள் தப்புத்தானே?" இதற்கு மட்டும் விரிவாகவே சொல்கிறேன். படித்தேன், ஐயா. வெள்ளம் வந்தபின் மூன்று முறை படித்தேன். அதில் ஆவரேஜ் விதி என்று ஒன்று இருக்கிறது. வீட்டுச் சாமான்களின் மொத்த மதிப்பு நூறு பங்கு என்றால் நீங்கள் அறுபது பங்குக்குத்தான் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். வெள்ளத்தில் ஐம்பது பங்கு போகிறது. அறுபதுக்குள்தானே இழப்பு, ஐம்பதும் வந்துவிடும் என்று நாம் நினைப்போம். வராது. அறுபது சதவீதம்தான் நீ காப்பீடு செய்தாய், ஆகவே இழப்பிலும் அறுபது சதவீதம்தான் என்று கணக்குப் போட்டு முப்பது பங்கு தருவார்கள். அந்த முப்பதுக்கும் தேய்மானக் கழிவு, அதன் பிறகு நாமே ஏற்க வேண்டிய முதல் பங்கு என்று இன்னும் இரண்டு வெட்டு உண்டு. கையெழுத்து வாங்கும் நாளில் இதை யாராவது காகிதத்தில் போட்டுக் காட்டியிருக்கிறார்களா? இந்தியாவில் 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீட்டில் இந்தக் குறைக்காப்பீட்டு வெட்டையே எடுத்துவிட்டார்கள். எடுத்ததால் எதுவும் குடிமுழுகிப் போய்விடவில்லை. எங்களுடையது அதற்கு முந்தைய வகை.

சொல்லின் பொருள்கூட நம் கையில் இல்லை. 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் மூழ்கியபோது, வானத்திலிருந்து நேரே வந்த மழைநீர் என்றால் பணம், ஆறு கரை மீறி வந்த நீர் என்றால் பணம் இல்லை என்று பல குடும்பங்களைத் திருப்பி அனுப்பினார்கள். "வெள்ளம்" என்ற சொல்லுக்கே நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு பொருள் இருந்தது. கடைசியில் 2012-இல் அந்நாட்டு அரசு வெள்ளம் என்றால் இதுதான் என்று ஒரே வரையறையைச் சட்டத்தில் கொண்டுவர வேண்டியதாயிற்று. முழங்கால் அளவு நீரில் நிற்பவன் தண்ணீரிடம் நீ மேலிருந்து வந்தாயா பக்கத்திலிருந்து வந்தாயா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் வீட்டு அறிக்கையில் பின்சுவர் விரிசலைப் பற்றி "வெள்ளத்துக்கு முன்பே இருந்த குறைபாடு" என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் பின்பக்கம் போகவே இல்லை. அங்கே அப்போது சேறு கணுக்கால் வரை இருந்தது, அவர் காலணி புதியது. நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் 2012-இல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலின் கதையைத் தேடிப் படியுங்கள். நியூயார்க் மாநிலத்தின் லாங் பீச் நகரில் ஒரு வீட்டை நேரில் பார்த்த பொறியாளர், வெள்ளத்தால் வந்த சேதம் என்று அறிக்கை எழுதினார். வீட்டுப் பக்கமே போகாத இன்னொரு பொறியாளர் அதைத் திருத்தி முடிவையே மாற்றினார். 2014-இல் அது நீதிமன்றத்தில் வெளிவந்தது. அதன் பிறகு இப்படிப்பட்ட புகார்கள் குவிந்து, அடுத்த ஆண்டு 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலிசிதாரர்களுக்கு மறுபரிசீலனை கேட்கும் வாய்ப்பை அந்நாட்டுப் பேரிடர் முகமை கொடுத்தது. பொறுமை வேண்டும் என்று அங்கேயும் யாராவது நேரலையில் சொல்லியிருப்பார்கள்.

ரசீது இல்லாமல் பணம் கொடுக்கவே முடியாதா? கரீபியன் நாடுகள் 2007-இல் ஒன்றுசேர்ந்து ஒரு பேரிடர்க் காப்பீட்டு நிதியத்தை ஏற்படுத்தின. புயலும் மழையும் பாலிசியில் குறித்த வரம்பைத் தாண்டியதாக அளவுகள் காட்டினால் 14 நாள்களுக்குள் பணம் போய்விடுகிறது. மெத்தை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அது அரசுகளுக்கான ஏற்பாடு, தனி வீட்டுக்குச் சரிவராது, அளவு ஒன்றும் உண்மையான இழப்பு இன்னொன்றுமாக இருக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அரசாங்கத்தை நம்ப மழைமானி போதும், என்னை நம்ப மட்டும் ஆவணம் வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவு கோபம் எனக்குப் பணத்தால் வந்ததா என்று நானே யோசித்துப் பார்த்தேன். தையல் இயந்திரத்தால் வந்தது. அம்மாவின் இயந்திரம், அவள் கையாலேயே எண்ணெய் போட்டுக் காப்பாற்றி வந்தது, தண்ணீர் வடிந்தபோது அதன் சக்கரம் சேற்றில் இறுகி அசையவே இல்லை. சர்வேயர் அதைக் குறித்துக்கொள்ளும்போது சாதாரணமாகத்தான் கேட்டார், "வீட்டுக்கு மட்டும்தான் தைப்பீர்களா, அம்மா?" என்று. அம்மா கொஞ்சம் பெருமையாகவே, "தெருவில் எல்லோருக்கும் நான்தான் தைத்துக் கொடுக்கிறேன்" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். அறிக்கையில் அது "தொழில் கருவி, வீட்டுப் பாலிசியில் அடங்காது" என்று வந்தது.

ஆவணம், ஆவணம் என்கிறார்களே, அந்த வீட்டில் அன்று கேட்ட கேள்விக்கெல்லாம் ஆவணம் இல்லாமலே உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் ரசீது கேட்காமல் நம்பினார்கள். அறிக்கையை நான் வாசித்துக் காட்டியபின், "நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், இல்லையா?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். இன்று வரை வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறாள். அந்த நேரலை மனிதருக்கு வேண்டுமானால் இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரிந்திருக்கலாம்.

அந்த அறிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்திருக்கிறேன். மறு ஆய்வு வரை சுவரை அப்படியே விட்டு வையுங்கள் என்று சொல்லியிருப்பதால் வெள்ளையடிக்கவில்லை. அம்மா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அந்தச் சேற்றுக் கோட்டைத் துடைக்கப் போகும்போதெல்லாம் நான்தான் தடுக்கிறேன். இப்போதைக்கு எங்களிடம் மிஞ்சியிருக்கும் ஆவணம் அது ஒன்றுதான். அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சென்ற வாரமும் அப்படித்தான் சொன்னார்கள்.