எங்க ஊர்ப் பானைக்கு எழும்பூர்ல டிக்கெட்டா?

(சனிக்கிழமை காலை, சென்னை எழும்பூர் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்று தெரியாமல் முந்தின நாள் வந்து, பூட்டிய கேட்டைத் தரிசித்துத் திரும்பிய அத்தையும் மருமகனும். அத்தைக்கு ஊர் ஆதிச்சநல்லூர்.)

அத்தை: ஏல செந்திலு, ஆட்டோக்காரரு "செத்த காலேஜா?"ன்னு கேட்டதும் எனக்குப் பக்குன்னு ஆயிட்டு.

செந்தில்: பழைய ஆளுங்க அப்படித்தான் சொல்வாங்க அத்தை. மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். இங்க எலும்புக்கூடு, பாடம் பண்ண மிருகம்னு இருக்கிறதால இது செத்த காலேஜ். 1851-ல ஆரம்பிச்சது.

அத்தை: பாஸாகி ஒருத்தனும் வெளிய வரலன்னு சொல்லு. இது என்னல, குலுக்கை மாதிரி? எங்க ஆச்சி இப்படி ஒண்ணுலதான் நெல்லு போட்டு வச்சிருந்தா.

செந்தில்: முதுமக்கள் தாழி அத்தை. செத்தவங்களை இதுக்குள்ள வச்சுப் புதைச்சிருக்காங்க.

அத்தை: (சட்டென்று இரண்டடி பின்வாங்கி) அத மொதல்லயே சொல்ல மாட்டியால?

செந்தில்: உங்க ஊர்ப் பரம்பு மேட்டுல எடுத்ததுதான். 1899-ல அலெக்சாண்டர் ரீ-ன்னு ஒரு வெள்ளைக்காரர் தோண்ட ஆரம்பிச்சார். தங்கத்துல நெத்திப்பட்டம்கூடக் கிடைச்சுது. தகடு மாதிரி மெல்லிசா இருக்கும்.

அத்தை: எத்தன பவுனு தேறும்?

செந்தில்: அத்தை!

அத்தை: கேட்டா என்னல? எங்க ஊரு மண்ணுலதான கெடந்துச்சு. எங்க பானையப் பாக்க எங்கிட்டயே டிக்கெட் காசு வாங்கிட்டாவ.

செந்தில்: இதுக்கே இப்படின்னா எப்படி? 1876-லயே ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் தோண்டி, கிடைச்சதை பெர்லினுக்குக் கொண்டு போயிட்டார்.

அத்தை: பெர்லினுக்கா! அதுக்கு எழும்பூர் எவ்வளவோ மேல. ரயிலுல ஒரு ராத்திரிதான்.

செந்தில்: இப்பதான் உங்க ஊர்லயே, தோண்டின குழி மேல கண்ணாடி போட்டுக் காட்டுறாங்களே, பாக்கலியா?

அத்தை: போனோம்லா. கண்ணாடி மேல கால் வைக்க மாட்டேன்னு ஒங்க மாமா வாசல்லயே நின்னுட்டாவ. கீழ இருக்கிறவிய சொந்தக்காரவியளா இருந்தா மரியாதையா இருக்காதாம். ஏல, இங்க பாரு! மூடி மேல எருமை! வெண்கலத்துல, கொம்பு எம்புட்டு நீட்டம்! எங்க தொழுவத்துல நிக்கதேதான்!

செந்தில்: கண்ணாடியைத் தட்டாதீங்க அத்தை, காவலாளி பாக்குறார்.

அத்தை: அவரு எந்த ஊருக்காரரு?

செந்தில்: பெரம்பூர்னு நினைக்கிறேன்.

அத்தை: நல்லவேள, பெர்லின் இல்ல.