ஒரு ஆப்பிளும் வெந்நீரும் சாப்பாடு ஆகாது

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு காலை. மதுரை தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். மாரியம்மன் கோயில் பக்கம் வரும்போது, எனக்கு முன்னால் விறுவிறுவென்று போன ஒரு பெண் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால் உதடு வெளுத்திருக்கிறது, நெற்றியெல்லாம் வேர்வை, கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. "ஒண்ணுமில்லக்கா, கண்ணு இருட்டிருச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

என்ன சாப்பிட்ட என்று கேட்டேன். காலையில் எலுமிச்சை பிழிந்த வெந்நீர். முந்தின நாள் ராத்திரி ஒரு ஆப்பிள். மதியம் வெள்ளரிக்காயும் ஒரு சப்பாத்தியும். இருபத்தஞ்சு வயசுக்குள்தான் இருக்கும். ஆறு வாரத்தில் கல்யாணமாம். அதற்குள் 10 கிலோ குறைக்க வேண்டும் என்று யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய டயட் சார்ட்டை எழுத்துப் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறாள்.

பக்கத்தில் பருத்திப்பால் வண்டி நின்றது. ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் அதையே பார்க்கிறாள். "இதுல வெல்லம் போட்டிருப்பாங்களேக்கா." கண் இருட்டி உட்கார்ந்திருக்கிற நேரத்தில்கூட அந்தப் பிள்ளைக்கு வெல்லத்தைப் பார்த்தால் பயம். எனக்கு வயிற்றைப் பிசைந்துவிட்டது. ஏனென்றால் அந்த சார்ட் எனக்கு மனப்பாடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் செய்தேன்.

அப்போது என் எடை 74 கிலோ, உயரம் 157 சென்டிமீட்டர். முழங்கால் வலிக்க ஆரம்பித்திருந்தது, குறைக்க வேண்டிய எடைதான், அதில் சந்தேகமே இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். என்ன வேலை பார்க்கிறேன், சுகர் இருக்கிறதா, ரத்தம் எவ்வளவு இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. காலை ஒரு ஆப்பிள், மதியம் இரண்டு சப்பாத்தி எண்ணெய் இல்லாமல், ஒரு கிண்ணம் காய், சாயங்காலம் சர்க்கரை போடாத டீ, ராத்திரி இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, மோர். பிற்பாடு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 600 கலோரியைத் தாண்டவில்லை.

ஏழு வாரத்தில் 7 கிலோ குறைந்தது. ஊரே பாராட்டியது. மதினி வந்து "என்னத்தா, இப்படி சிக்குனு ஆயிட்ட, எனக்கும் சொல்லேன்" என்றார். ஆபீசில் எல்லோரும் அந்தத் தாளை வாங்கி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எப்படிக் குறைந்தது, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருத்தர் கேட்கவில்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, சித்திரை வெயிலிலும் கை கால் குளிர்கிறது, பிள்ளைகள் மேல் எரிந்து எரிந்து விழுகிறேன். ராத்திரி படுத்தால் பரோட்டாக்கல் சத்தம் காதில் கேட்கிறது. மூன்றாவது மாதம் தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் போகிற வழியில் முடி பந்து மாதிரி சேர்ந்து அடைத்துக்கொண்டது. கையில் எடுத்துப் பார்த்தபோது அழுதுவிட்டேன்.

அதற்கு மேல் தாங்க முடியாமல் பழையபடி சாப்பிட ஆரம்பித்தேன். பழையபடி என்பதைவிட, அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது என்பதே சரி. ஐந்தாறு மாதத்தில் 76 கிலோ. போனதைவிட இரண்டு கிலோ கூடுதல். டாக்டரிடம் போனபோது ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. அவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "இளைக்கணும்னா மொதல்ல சாப்பிடுங்கம்மா."

அந்த ஒரு வார்த்தையைப் புரிந்துகொள்ளத்தான் இவ்வளவு படித்தேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நாம் கையைக் காலை அசைக்காமல் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதயம் துடிக்க, மூச்சு விட, மூளை, ஈரல், சிறுநீரகம் வேலை செய்ய உடம்பு எரிபொருள் கேட்கும். எடை, உயரம், வயது வைத்து அதைக் கணக்குப் போட ஒரு சூத்திரம் இருக்கிறது. பெண்களுக்கு: எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, இன்னொரு 161-ஐயும் கழிக்க வேண்டும். 76 கிலோவில் இருந்த 41 வயசு எனக்கு 1,375 வந்தது. அது படுத்துக்கிடப்பதற்கு மட்டும். எழுந்து சமைத்து, பஸ் ஏறி, வேலை பார்த்து, சாயங்காலம் கொஞ்சம் நடந்தால் 1,850-ஐத் தாண்டிவிடும். அதில் முந்நூறு நானூறு குறைத்துச் சாப்பிட்டாலே எடை இறங்கும். அப்படிப் பார்த்தால் என் கணக்கு 1,500. ஜிம்காரர்கள் கொடுத்தது 600. படுத்துக்கிடக்கவே போதாத அளவை வைத்துக்கொண்டு டிரெட்மில்லில் ஓடியிருக்கிறேன்.

ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒரு வாரத்தில் மூன்று கிலோ இறங்குகிறது என்றால் அத்தனையும் கொழுப்பு இல்லை. ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருக்கிற தண்ணீரும்தான் முதலில் போகிறது. அதற்கப்புறம், புரதம் போதாதபோது, உடம்பு தசையையே கரைக்கிறது. தசை குறைந்தால் உடம்பு எரிக்கிற அளவும் குறைகிறது. மறுபடி சாப்பிட ஆரம்பிக்கும்போது திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்பு. 74-ல் ஆரம்பித்த நான் 76-ல் வந்து நின்ற கதை இதுதான். எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று ஆறு மாதம் என்னையே நான் வைதுகொண்டிருந்தேன்.

இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை தொடங்கினார். போருக்குப் போக மாட்டோம் என்று மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து அதில் சேர்ந்தார்கள். ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் கால்வாசி குறைந்தது. எந்நேரமும் குளிர், சோர்வு, எரிச்சல். நினைப்பெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். சமையல் புத்தகங்களை வாங்கி வாங்கிப் படித்தார்கள். சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பிட விட்ட பிறகும் சிலருக்கு வயிறு நிறைந்த உணர்வே வரவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கேட்ட பரோட்டாக்கல் சத்தம் ஞாபகம் வந்தது. அந்த அரைவயிற்றுச் சாப்பாடு எவ்வளவு தெரியுமா? நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. ஆண்கள், அதுவும் நிறைய நடக்க வைக்கப்பட்டவர்கள், அதனால் அவர்களுக்கு அது பட்டினி. ஆனாலும் எனக்கு எழுதிக் கொடுத்ததைப்போல அது இரண்டரை மடங்கு.

தமிழ்நாட்டுக் கணக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40 சதவீதம் பேருக்கு எடை அதிகம். அதே ஆய்வில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டையும் கூட்டினால் நூறைத் தொடவில்லையே, இவர்கள் வேறு அவர்கள் வேறு என்று நினைத்துவிடாதீர்கள். என் உடம்பிலேயே இரண்டும் சேர்ந்து இருந்தது. பருமனாக இருக்கிற பெண்ணைப் பார்த்தால் "நல்லா சாப்பிடுறா" என்று சொல்லிவிடுகிறோம். அவள் சாப்பிட்டது சோறும் எண்ணெயும் சர்க்கரையும்தான். பருப்பும் மீனும் கீரையும் மற்றவர்களுக்குப் பரிமாறியதுபோக மிச்சம் இருந்தால் அவளுக்கு. எங்கள் அப்பத்தா எல்லோரும் சாப்பிட்ட பிறகு குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடும். அதைப் பெருமையாகப் பேசித்தான் எங்களை வளர்த்தார்கள். இப்போது டயட் என்ற பெயரில் வருவதும் அதே பெருமைதான் என்று தோன்றுகிறது. குறைவாகச் சாப்பிடுகிறவள் நல்ல பெண்.

சரி, நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்பீர்கள். விசேஷமாக ஒன்றும் வாங்கவில்லை. ஓட்ஸ், சியா விதை எதுவும் கிடையாது. காலையில் மூன்று இட்லி, சாம்பார், ஒரு முழு முட்டை, மஞ்சள்கருவோடு. பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ சுண்டல். மதியம் குழிக்கரண்டியால் அளந்து இரண்டு கரண்டி சோறு, அதே அளவு காய், பருப்பு அல்லது மீன், மோர். ஆடி ஆவணியில் அயிரை கிடைத்தால் அயிரைக் குழம்பு, அதை விடுவதில்லை. சாயங்காலம் டீயோடு ஒரு கைப்பிடி வறுகடலை. ராத்திரி இரண்டு தோசை, எட்டு மணிக்குள். இது 1,500-க்கும் 1,600-க்கும் நடுவில் நிற்கும். புரதத்தை மட்டும் எண்ணிப் பார்த்துக்கொள்வேன். ஒரு நாளைக்கு 55, 60 கிராமாவது வர வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம். நிலக்கடலை 25 கிராமில் 6 கிராம். நம் சாப்பாட்டில் குறைவது பெரும்பாலும் இதுதான்.

குறைத்தது எங்கே? எண்ணெயில். நாங்கள் வீட்டில் நாலு பேர். மாதம் 5 லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் சும்மா கணக்குப் போட்டேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 340 கலோரி எண்ணெயிலேயே போகிறது. எண்ணெய்த் தூக்கிலிருந்து கண்ணளவில் ஊற்றுவதை விட்டுவிட்டு ஸ்பூனால் ஊற்ற ஆரம்பித்தேன். இப்போது மூன்றரை லிட்டர். யாருக்கும் ருசி குறைந்ததாகத் தெரியவில்லை. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை ஒன்றானது. ஆபீசில் நாலு மணிக்கு வருகிற வடையும் பஜ்ஜியும் வாரத்தில் ஒரு நாள் என்று ஆனது. ஜிகர்தண்டாவை விடவில்லை. மாதம் ஒரு தடவை விளக்குத்தூண் பக்கம் போனால் குடிப்பேன், அன்றைக்கு ராத்திரி டிபனைச் சுருக்கிக்கொள்வேன்.

பதினொரு மாதத்தில் 76-லிருந்து 67 ஆனேன். மாதத்துக்கு ஒரு கிலோகூட முழுசாக இல்லை. யாரும் பாராட்டவில்லை, அவ்வளவு பைய இறங்கினால் யார் கண்ணுக்குத் தெரியும்? வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பானது என்று ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. நான் அதில் பாதி வேகம்கூட இல்லை. ஹீமோகுளோபின் 12.1 வந்துவிட்டது. பின்னல் பழைய கனத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை.

சிலரிடம் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விடாதீர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். பால் கொடுக்கிற தாய்மார்களுக்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகி மூன்று மாதம்தான் ஆகிறது, வயிறு போட்டிருக்கிறது என்று புருஷன் வீட்டில் சொன்னதற்காக ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தாள். அவள் மாமியாரிடம் நானே போய்ப் பேசினேன். கோபித்துக்கொண்டார். பரவாயில்லை.

கிலோ கணக்கில் குறைத்துக் காட்டுகிறேன் என்று ஆளுக்கொரு தாளைக் கொடுக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எதிரில் நிற்கிற பெண்ணின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை ஒரு தடவை வாங்கிப் பார்க்கக் கூடாதா? ஐந்து நிமிஷ வேலை.

அந்தப் பெண் அன்றைக்குப் பருத்திப்பாலை முழுசாகக் குடித்தாள். குடித்து முடித்த பத்து நிமிஷத்தில் உதட்டில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. போன் நம்பர் வாங்கிக்கொண்டு, வீட்டு வாசல் வரை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன். அவள் அம்மாவிடமும் நேராகச் சொன்னேன். அந்த அம்மா பாவம், "சாப்பிடுடின்னா கேக்க மாட்டேங்கிறா, ஜாக்கெட் அளவு குடுக்கிறதுக்குள்ள எளைக்கணுமாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நேற்று போன் பண்ணினாள். காலையில் இட்லியும் முட்டையும் சாப்பிடுகிறாளாம், மூன்று வாரத்தில் ஒரு கிலோ இறங்கியிருக்கிறதாம். "ஒரே ஒரு கிலோதாங்க்கா" என்று குரல் சுருங்கியது. மயக்கம் வந்துச்சா என்று கேட்டேன். வரவில்லை. தூக்கம்? நன்றாக வருகிறது. அப்படியென்றால் இன்றைக்கே போய் அளவு கொடுத்துவிட்டு வா தாயி, இருக்கிற உடம்புக்குத் தைக்கட்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "டெய்லர் கடை பன்னெண்டு மணிக்குத்தான் தொறப்பாங்க, சாப்பிட்டுட்டுப் போறேன்" என்றாள்.