பழைய கேம் என்றால் விற்காதா?

நிண்டெண்டோவின் கேம் கன்சோலான ஸ்விட்ச் 2-க்கு வரவிருக்கும் கேம்களில் பாதி பழையவற்றின் மறுபதிப்புதான், அதனால் விற்பனை படுத்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரியோ கார்ட் 8 என்ற கார் பந்தய கேம் முதலில் 2014-ல் நிண்டெண்டோவின் பழைய கன்சோலான வீ யூவில் வந்தது. அந்தக் கன்சோலே மொத்தம் 1.35 கோடி சொச்சம்தான் விற்றது, கேம் 80 லட்சத்தைத் தாண்டியதே பெரிய விஷயம். அதே கேமைக் கொஞ்சம் மெருகேற்றி 2017-ல் அடுத்த கன்சோலான ஸ்விட்சில் விட்டார்கள், 6 கோடிக்கு மேல் போனது! வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அது புது கேம்தான்.

சரி, நிண்டெண்டோவின் சொந்த கேம்களுக்குக் கவலையில்லை. இடிப்பது மற்ற நிறுவனங்களின் கேம்கள்தான். அவற்றில் பல 'கேம் கீ கார்டு' வடிவில் வருகின்றன. பெட்டியைப் பிரித்து கார்டைச் செருகினால் உள்ளே கேம் இல்லை, வெறும் சாவிதான். முழுவதையும் டவுன்லோடு செய்ய வேண்டும். கன்சோலில் இருப்பதோ 256 ஜிபி. நான்கைந்து பெரிய கேம் இறக்கினால் நிரம்பிவிடுகிறது. அப்புறம் மெமரி கார்டு வாங்கலாம் என்று பார்த்தால், பழைய மைக்ரோ எஸ்டியில் இந்தக் கேம்கள் ஓடாது, 'மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்' என்ற வேகமான புது வகைதான் வேண்டும். நான் ஒரு கேமை இறக்க இன்னொன்றை அழித்து, மறுவாரம் அதையே திரும்ப இறக்கியிருக்கிறேன். இந்தத் தொல்லைக்கு வேறு கன்சோலிலேயே வாங்கிவிடலாம் என்று எத்தனை பேர் நினைப்பார்கள்? கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.