கார் ஓட்டாதவரைக் கேட்டுவிட்டு வீடு வாங்குங்கள்

வெளிநாட்டில் எந்த ஊரில் குடியேறலாம், எங்கே வீடு வாங்கலாம் என்று சொந்தக்காரப் பிள்ளைகள் இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறார்கள். விலை, வட்டி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அலசி வைத்திருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் கார் ஓட்டாதவர் யார்? அவர் அந்தத் தெருவில் தனியாக நடந்து பார்த்தாரா?

மும்பையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்கக் கூடாது. மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, எங்கே வீடு பார்த்தாலும் "ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரமா, ஷேர் ஆட்டோ பிடிக்கணுமா?" என்று கேட்ட பிறகுதான் கார்பெட் ஏரியாவுக்கே வருவோம். சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் நடுவே 1992-லேயே லேடீஸ் ஸ்பெஷல் லோக்கல் ஓடத் தொடங்கிய ஊர் இது. வீடு சின்னது, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், பீக் நேரத்தில் மூச்சு முட்டும். ஆனாலும் எழுபதை நெருங்கும் ஒரு பெண்மணி யார் கையையும் எதிர்பார்க்காமல் வெளியே போய்விட்டு வரலாம். தானாகவே கிடைத்துவிட்டதால் அந்தச் சுதந்திரத்துக்கு நாம் விலை போட்டுப் பார்த்ததே இல்லை.

என் அக்கா செம்பூரில் இருக்கிறார். காலையில் செட்டா நகர் முருகன் கோயில், வழியில் காய்கறி, பேங்கில் ஏதாவது வேலை, திரும்பும்போது ஆட்டோ. அமெரிக்காவில் டாலஸ் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் மகன் வாங்கியிருக்கும் வீட்டுக்குப் போனால், இதே அக்கா சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறார். நான்கு படுக்கையறை, பின்னால் புல்வெளி, பேரப்பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி. மகனும் மருமகளும் தங்கமானவர்கள். ஆனால் டாலஸ் வட்டாரத்தில் ரயிலும் பஸ்ஸும் ஓட்டும் டார்ட் அமைப்பில் ஃபிரிஸ்கோ சேரவே இல்லை. ஒரு கட்டு கொத்தமல்லி வேண்டுமென்றாலும் யாராவது சாவியை எடுத்தால்தான் உண்டு. "அங்கே எனக்கு எல்லாம் இருக்கு, வெளியதான் இல்ல" என்று அக்கா போனில் சொன்னது எனக்கு மறக்கவே இல்லை.

எப்படி நடக்கிறது இது? வீட்டைத் தேடுவது வேலைக்குப் போகிறவர், பெரும்பாலும் ஆண். வார இறுதியில் ஏஜென்டின் காரில் உட்கார்ந்து நாலைந்து வீடு பார்ப்பார். எல்லாமே "பத்து நிமிஷம்தான்", காரில். பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப் போகிறவர் முடிவெடுக்கும் இடத்திலேயே இருக்க மாட்டார். பல வீடுகளில் அவர் அப்போது மும்பையில் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்.

மனைவிமார்களை நினைத்தால் எனக்கு இன்னும் கவலை. கணவர் அமெரிக்காவுக்கு எச்-1பி வேலை விசாவில் போனால் மனைவிக்கு அவரைச் சார்ந்த எச்-4 விசா. போனதும் மனைவியால் வேலைக்குச் சேர முடியாது. கணவரின் கிரீன் கார்டு வழியில், அவருக்காகப் போடும் ஐ-140 என்ற குடியேற்ற மனு ஒப்புதல் ஆனால்தான் பொதுவாக வேலை அனுமதிக்கே விண்ணப்பிக்க முடியும், அந்த வழியும் 2015-ல்தான் திறந்தது. பவாயிலோ அந்தேரியிலோ ஒரு டீமையே நடத்திய பெண், சம்பளமும் இல்லாமல் காரும் இல்லாமல், நடைபாதைகூடப் போடாத ஒரு தெருவில் நாளைக் கழிக்க வேண்டும் என்றால் அது என்ன வாழ்க்கை?

ரயிலை ஒட்டி வாழ வழியில்லாத நாடுகள் அல்ல இவை. நியூஜெர்சியில் எடிசன், மெட்ரோபார்க் ஸ்டேஷன்களிலிருந்து நேராக நியூயார்க் பென் ஸ்டேஷனுக்கு ரயில் போகிறது. ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் ஸ்டேஷனிலிருந்து நடந்தே நியூவார்க் அவென்யூ இந்தியக் கடைகளுக்குப் போய்விடலாம். சிட்னியில் வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் என்று நம்மவர்கள் அதிகம் இருக்கும் இடங்கள் ஒரே ரயில் பாதையில் வரிசையாக வருகின்றன. லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்கு டிஸ்ட்ரிக்ட் லைன், பக்கத்து மேனர் பார்க்குக்கு 2022 முதல் எலிசபெத் லைன். டொரான்டோவில் மட்டும் கவனம்: ஸ்கார்பரோவுக்குள் ஓடிய லைன் 3, 2023 ஜூலையில் தடம்புரண்ட பிறகு நிரந்தரமாக மூடப்பட்டு, பதிலுக்கு பஸ் விட்டார்கள். பழைய வரைபடத்தில் ரயில் கோட்டைப் பார்த்து ஏமாந்துவிடாமல், இன்றைக்கு என்ன ஓடுகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள்.

சரி, உடனே வாங்கித்தான் ஆகவேண்டுமா? பல நாடுகளில் அது அவ்வளவு எளிதல்ல. ஆஸ்திரேலியாவில் 2025 ஏப்ரல் 1 முதல் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்குவதற்குத் தடை. சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரை வரியே 60 சதவீதம். கனடாவில் 2023 முதல் வெளிநாட்டவருக்குத் தடை இருக்கிறது; வேலை அனுமதியில் இன்னும் 183 நாளாவது மிச்சம் இருப்பவர்கள் ஒரு வீடு வாங்கலாம். அமெரிக்காவில் இப்படிப் பொதுத் தடை இல்லை. ஆனால் எச்-1பி வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம், அதற்குள் வேறு வேலையோ வேறு விசாவோ பார்த்தாக வேண்டும். அந்த நிலையில் 30 வருடக் கடனைத் தலையில் வைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வராது. இந்தக் காத்திருப்பை எல்லோரும் சாபமாகப் பேசுகிறார்கள். நான் அதை வரமாகவே பார்க்கிறேன். அந்த இடைவெளியில் வாடகைக்கு இருந்து, கார் ஓட்டாதவர் ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே வாழ்ந்து பார்க்கட்டும். பிப்ரவரியில், ஒரு வேலைநாளில், பனி கொட்டிய நடைபாதையில் தனியாகப் போய்ப் பால் வாங்கி, டாக்டரைப் பார்த்து, நூலகத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்ப முடிகிறதா? எந்தச் செயலியின் மதிப்பெண்ணும் இதைச் சொல்லாது.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டுமே என்பார்கள். கட்டாயம் கற்றுக்கொள்ளட்டும், இளையவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் முதல்படியான ஜி1 உரிமத்தோடு தனியாக ஓட்ட முடியாது. முன் அனுபவத்துக்குச் சான்று இல்லாவிட்டால் அடுத்த தேர்வுக்கே 12 மாதம், அங்கீகரித்த பயிற்சி முடித்திருந்தால் 8 மாதம் காத்திருக்க வேண்டும். அப்புறம் இரண்டாவது கார், அதற்கு இன்சூரன்ஸ். இதையெல்லாம் வீட்டு விலையோடு கூட்டாமல் "புறநகரில் மலிவு" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பள்ளிக்கூட வாதம் நியாயமானது, அதைத் தட்டவில்லை. நல்ல பள்ளியும் நடக்கிற தெருவும் சேர்ந்த இடத்தில் வீடு சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். சயானில் ஒரு ரூம் கிச்சனில் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய கஷ்டமா?

செம்பூர் முழுக்க ரீடெவலப்மென்ட், அதாவது பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது, நடக்கிறது. ஃப்ளாட்டுக்கு நல்ல விலை வரும்போது, "வித்துட்டு எங்களோடவே வந்துடுங்க" என்று பிள்ளைகள் அன்போடுதான் கூப்பிடுகிறார்கள். விற்ற பணத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். கனடா சூப்பர் விசாவில் பெற்றோர் ஒரே தடவையில் 5 ஆண்டு வரை தங்கலாம். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் மகன் வீட்டு முன்பணத்துக்காக ஃப்ளாட்டை விற்றுவிட்டால், அந்தப் புறநகரில் கார் ஓட்டாதவர் இனி அம்மாவும் அப்பாவும்தான். திரும்பி வர வீடும் இருக்காது. பெற்றோர்களே, தயவுசெய்து விற்காதீர்கள். ரீடெவலப்மென்டுக்குக் கொடுங்கள், வாடகைக்கு விடுங்கள், வீடு உங்கள் பேரிலேயே இருக்கட்டும்.

என் அண்ணன் மகள் அடுத்த மாதம் கணவரோடு நியூஜெர்சி போகிறாள். ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரு சின்ன வீடு, இன்னும் உள்ளே தள்ளி அதே வாடகையில் பெரிய வீடு, இரண்டும் கையில் இருக்கின்றன. மாப்பிள்ளைக்குப் பெரியதில்தான் ஆசை. அவளுக்கு இன்னும் லைசென்ஸ் இல்லை. சின்ன வீட்டையே எடுக்கச் சொல்லி இருவரிடமும் பேசியிருக்கிறேன்; ஒரு வருஷம் கழித்து வாங்குகிற பேச்சு வந்தால், முதலில் அவள் சொல்லட்டும் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.