ப்ரொஜெக்டரை எண்ணாதீர்கள், அறையைப் பாருங்கள்

ப்ரொஜெக்டரால் சுவர், தரை எங்கும் ஓவியத்தை விழவைத்து, பார்ப்பவரை அதற்குள்ளேயே நிறுத்தும் 'இம்மெர்சிவ்' கண்காட்சி என்று ஊரில் விளம்பரம் வந்தாலே சண்டை தொடங்கிவிடுகிறது. "இது ஓவியமே இல்லை, சுவரில் காட்டும் சினிமா" என்கிறது ஒரு தரப்பு. இன்னொரு தரப்பு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்து ஆசை தீரப் பார்த்துவிட்டு வருகிறது. நான் இரண்டாவது தரப்புக்காரன். ஒளியைக் கொண்டு ஓர் அறையையே படைப்பாக்குவது தனிக் கலை. கயிறு கட்டித் தள்ளி நிறுத்தாமல், "தொடாதே" என்று அதட்டாமல், உடம்போடு உள்ளே விடுகிற கலை. கூட்டம் அதற்காகத்தான் வருகிறது. ஆனால் இதில் மோசமானவையும் நிறைய உண்டு. அவற்றில் பலவும் கெடுவது ஓவியத்தால் அல்ல, அறையால்.

இந்தக் கலை பிறந்து வளர்ந்த இடங்களைப் பாருங்கள். தென்பிரான்சின் லே போ தெ ப்ரோவான்ஸில் கைவிடப்பட்ட ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஆல்பேர் ப்ளெசி 1970-களிலேயே அந்தக் கல்சுவர்களைத் திரையாக்கும் வேலையைத் தொடங்கிவிட்டார். கல்லை வெட்டி எடுத்தபோது மிச்சமான பிரம்மாண்டத் தூண்கள், உள்ளே கும்மிருட்டு. 2018-ல் பாரிஸில் திறந்த அட்டெலியே தே லுமியேர் ஒரு பழைய வார்ப்பட ஆலை. முதல் காட்சி ஓவியர் கிளிம்ட்டின் படைப்புகள். அங்கே 140 ப்ரொஜெக்டர்கள், சுமார் 3,300 சதுர மீட்டர் பரப்பு. வகுத்தால் ஒரு ப்ரொஜெக்டருக்கு 23, 24 சதுர மீட்டர்தான் வருகிறது. "நூறு ப்ரொஜெக்டர்!" என்று போஸ்டர் அடிப்பவர்கள் இந்த வகுத்தலைச் சொல்வதே இல்லை.

ஏன் அது முக்கியம்? ப்ரொஜெக்டர் தரும் மொத்த வெளிச்சம் லூமென், ஒரு சதுர மீட்டரில் விழும் வெளிச்சம் லக்ஸ். 8,000 லூமென் ப்ரொஜெக்டர் ஒன்றை 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள சுவருக்கு வைக்கிறோம். 40 சதுர மீட்டர். ஆக, சுவரில் விழுவது 200 லக்ஸ். இருட்டறைக்கு அது தாராளம். ஆனால் கதவிடுக்கு, எக்ஸிட் பலகை, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து அதே சுவரில் 20 லக்ஸ் விழுந்தால் கதை முடிந்தது. மிகப் பிரகாசமான இடம் 220, மிக இருண்ட இடம் 20. பதினொன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இரவு வானம் சாம்பல் நிறமாகிவிடும். ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. சுவரின் இருட்டுதான் படத்தின் கறுப்பு.

கல்யாண மண்டபத்தையோ மாலின் காலி ஹாலையோ வாடகைக்கு எடுத்து, பளிச்சென்ற வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி நடத்தும் காட்சிகள் வெளிறிப்போவது இதனால்தான். நான்கு பக்கமும் வெள்ளை என்றால் ஒவ்வொரு சுவரும் மற்ற மூன்றுக்கும் விளக்காகிவிடுகிறது. அனுபவமுள்ளவர்கள் சுவருக்கு மிதமான சாம்பல் நிறம் அடிப்பார்கள், சீலிங்கைக் கறுப்பாக்குவார்கள். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் கறுப்பு நிற்கும். எக்ஸிட் பலகையை அணைக்கவே கூடாது; படம் விழும் சுவரிலிருந்து தள்ளி, மேலே மறைப்பு வைத்துப் பொருத்த வேண்டும்.

அடுத்து ஒட்டு. இரண்டு ப்ரொஜெக்டர் படங்கள் பக்கத்துப் பக்கத்தில் சும்மா உட்காராது. 10 முதல் 20 சதவீதம் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். 1,920 பிக்சல் அகலத்தில் 15 சதவீதம் என்றால் 288 பிக்சல். அந்தப் பட்டையில் ஒன்றின் வெளிச்சம் படிப்படியாக இறங்க, மற்றது படிப்படியாக ஏற வேண்டும். இதுதான் எட்ஜ் பிளெண்டிங். படத்தில் பகல் வெளிச்சம் இருக்கும்வரை யாருக்கும் ஒட்டு தெரியாது. படத்தில் இரவு வந்ததும் பாருங்கள். இரண்டு லென்ஸிலிருந்தும் கசியும் மங்கல் வெளிச்சம் ஒன்றாகச் சேர்ந்து, செங்குத்தாக ஒரு வெளிர் பட்டை முளைக்கும். அதை மறைக்க மற்ற இடங்களின் கறுப்பையும் அதே அளவுக்குத் தூக்கிவிட வேண்டும். அதற்கு விலை, ஏற்கெனவே குறைவாக இருக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம். ஒரு காட்சியின் தரத்தை அறிய இருண்ட நிமிடத்துக்காகக் காத்திருங்கள். அப்போது பட்டை தெரியாவிட்டால் கைதேர்ந்தவர்கள் வேலை செய்திருக்கிறார்கள்.

பொருத்திய பிறகும் அது அப்படியே நிற்காது. 10 மீட்டர் தள்ளித் தொங்கும் ப்ரொஜெக்டர் பத்தில் ஒரு டிகிரி திரும்பினால் சுவரில் படம் 17 மில்லிமீட்டர் நகரும். 8 மீட்டர் அகலப் படத்தில் ஒரு பிக்சல் 4 மில்லிமீட்டர். ஆக நான்கு பிக்சல் விலகல், ஒட்டில் கோடுகள் எல்லாம் இரட்டை. ப்ரொஜெக்டர் தொங்கும் உலோகச் சட்டத்தை ஏசி காற்று அசைப்பது, ப்ரொஜெக்டர் சூடேறும்போது லென்ஸும் பிடிப்பும் இம்மியளவு நகர்வது, இவ்வளவு போதும். அதனால் அரை மணி நேரமாவது ஓடவிட்ட பிறகே படங்களைப் பொருத்தும் அலைன்மென்டில் கை வைக்க வேண்டும். காலையில் குளிர்ந்த மெஷினில் சரிசெய்தது மதியக் கூட்டத்துக்குள் கலைந்திருக்கும்.

சூட்டைப் பட்ஜெட்டில் மறப்பவர்கள் அதிகம். ஒவ்வொன்றும் 800 வாட் இழுக்கும் 40 ப்ரொஜெக்டர்கள் 32 கிலோவாட் வெப்பம் தரும். உள்ளே நூறு பேர், ஒருவருக்கு ஏறக்குறைய 100 வாட் வீதம் இன்னொரு 10. ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட் என்றால், இதற்கு மட்டுமே 12 டன். தூசி ஊரில் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ப்ரொஜெக்டர் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், முற்றினால் நின்றுவிடும். ஒரு சுவர் மட்டும் மங்கலாக இருந்தால் முதலில் ஃபில்டரைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.

சரி, அறை நன்றாக அமைந்துவிட்டது. உள்ளே எதைக் காட்டுவது? வான்கோவின் 'நட்சத்திர இரவு' வெறும் 73.7 க்கு 92.1 சென்டிமீட்டர். 5 மீட்டர் சுவருக்கு ஏற்றினால் ஏறக்குறைய ஏழு மடங்கு. விரல் அகலத் தீற்றல் உள்ளங்கையைவிட அகலமாகிறது. அது வான்கோ வைத்த அளவு இல்லை என்ற குறை நியாயமானதுதான். நகல் என்று தெரிந்தே பார்த்தால் அந்தத் தீற்றலின் திசையும் வேகமும் துலங்குவதும் உண்மை. ஆனால் மேகத்தைச் சுழலவிடுவது, காக்கையைப் பறக்கவிடுவது, மேலே வயலின் சோகத்தை ஊற்றுவது எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சுழற்சியை அவர் ஏற்கெனவே தூரிகையால் செய்துவிட்டார்.

எங்கே பார்த்தாலும் வான்கோ, கிளிம்ட், மோனே என்றே வருவதற்கு முக்கியக் காரணம், அவர்கள் படைப்புகளின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. 1890, 1918, 1926-ல் இறந்தவர்கள். யாருக்கும் ராயல்டி இல்லை. ஆகவே யாரும் தொடங்கலாம், எல்லாரும் தொடங்கினார்கள். அமெரிக்க நகரங்களில் வான்கோ காட்சியைப் பரப்பிய டொரண்டோவின் லைட்ஹவுஸ் இம்மெர்சிவ் நிறுவனம் 2023 ஜூலையில் திவால் பாதுகாப்பு கேட்டு அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனது. ஒருமுறை பார்த்தவர் அதே அரை மணி நேரத்தை மறுபடி பார்க்க ஏன் வரப்போகிறார்?

டோக்கியோவின் டீம்லேப் கலைக்குழு இதற்கு நேர்மாறான வழியில் போனது. டோக்கியோவின் ஒடைபா பகுதியில் 2018-ல் திறந்து 2022 வரை இருந்த பார்டர்லெஸ் அரங்கில் 10,000 சதுர மீட்டர், 520 கணினிகள், 470 ப்ரொஜெக்டர்கள். முதல் ஆண்டில் 23 லட்சம் பேர் வந்தார்கள். அங்கே ஓடியது பதிவு செய்த வீடியோ அல்ல. பூ மலர்ந்ததும் உதிர்ந்ததும் அந்தந்த நொடியில் கணினி வரைந்தது. பார்ப்பவர் நின்றால் ஒன்று, நடந்தால் ஒன்று. பார்ப்பவர் உள்ளே இருந்தால்தான் அந்தப் படைப்பு முழுமையாகும்.

லண்டன் பார்பிகனில் ரேண்டம் இன்டர்நேஷனல் 2012-ல் வைத்த 'ரெயின் ரூம்' அறையிலும் அப்படித்தான். நடப்பவரை கேமராக்கள் கண்டுபிடித்து, அவர் தலைக்கு மேல் மட்டும் மழையை நிறுத்தும். வால்வு மூடினாலும் ஏற்கெனவே கிளம்பிய துளி விழுந்துதானே ஆக வேண்டும்? ஓடினால் நனைவீர்கள், நிதானமாக நடந்தால் நனைய மாட்டீர்கள். கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் கதிரை வீசி ஆளைக் கண்டுபிடிக்கும் சென்சார் வைத்த காட்சிகளில் அடர் கறுப்பு உடை சிக்கல் தரலாம். கதிரைத் துணி குடித்துவிட்டால் ஆளே இல்லை என்று கணினி நினைத்துக்கொள்ளும். போகிறவர்கள் வெளிர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இந்தத் தொழில்நுட்பத்தைக் கையில் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிரான்சின் லாஸ்கோ குகையை மனித மூச்சே கெடுத்ததால் 1963-ல் மூடினார்கள். இன்று பொதுமக்கள் பார்ப்பது அச்சு அசலான நகலை. சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைக் குளமும் மீனும் யானையும் மங்கிக்கொண்டே வருகின்றன. அண்ணாந்து பார்க்கவே எழுதப்பட்ட ஓவியம் அது. அந்தக் குடைவரையின் அளவிலேயே ஓர் அறை கட்டுங்கள். விதானத்தை அதே உயரத்தில் வையுங்கள், ஏழு மடங்கு ஊதிப் பெருக்க வேண்டாம். ஆட்கள் படுத்துப் பார்க்கத் தரையில் ஜமக்காளம் விரியுங்கள். இரண்டு ப்ரொஜெக்டர் போதும். முதலில் இன்றிருக்கும் மங்கல் நிலை, பிறகு மெல்ல மெல்ல நிறம் ஏறட்டும். மீனை நீந்த மட்டும் விடாதீர்கள்.