வரவு வைத்தவர்கள் பற்று எழுத மாட்டீர்களா?

மறுபடியும் ஒரு வேதியியல் விடைக்குறிப்பு, மறுபடியும் அதே தப்பு! 50 மி.லி. 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) அசிட்டிக் அமிலத்தில் 25 மி.லி. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு. பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; அமிலம் கூடினால் இது இறங்கும்) என்ன? உடனே ஹென்டர்சன் சமன்பாட்டை (பிஎச் = பிகேஏ + மடக்கை (உப்பு ÷ அமிலம்); பிகேஏ என்பது அமிலத்தின் வலிமையைச் சொல்லும் எண், அசிட்டிக் அமிலத்துக்கு 4.74) தூக்கிக்கொண்டு ஓடிவந்து, உப்பு 2.5 மில்லிமோல், அமிலம் 5 மில்லிமோல், மடக்கை 0.5 என்றால் −0.30, ஆகவே 4.44. அதற்கு இரட்டை அடிக்கோடு வேறு!

அந்த 2.5 மில்லிமோல் உப்பு எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்தா? ஊற்றிய காரம் 2.5 மில்லிமோல் அமிலத்தைத் தின்றுதானே அசிட்டேட் உப்பு உண்டானது! உப்புக் கணக்கில் வரவு வைத்துவிட்டு அமிலக் கணக்கில் பற்று எழுதாமல் விட்டால் எப்படி? 5-இல் 2.5 போனால் மிச்சம் 2.5. உப்பும் 2.5. விகிதம் 1, மடக்கை 0. பிஎச்சும் பிகேஏவும் ஒன்றே, 4.74. கால்குலேட்டரே வேண்டாம்! காரத்தைச் சிறிது சிறிதாக ஊற்றி பிஎச்சை வரையும் தரம்பார்த்தல் வளைகோட்டில் பிகேஏவைப் படித்தெடுப்பதே, பாதி அமிலம் தீர்ந்த இந்தப் பாதி வழியில்தான். அதைக்கூடவா மறப்பது? முதலில் வினை, மோல் கணக்கு. அப்புறம்தான் சமன்பாடு.

அடுத்தது விகிதத்தைத் தலைகீழாகப் போடுவது. அமிலமும் அசிட்டேட்டும் தலா 0.01 மோல் உள்ள தாங்கல் கரைசலில் (பிஎச் எளிதில் மாறாத கரைசல்) 0.001 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் அசிட்டேட் 0.009, அமிலம் 0.011. பிஎச் 4.74-இலிருந்து 4.65-க்கு இறங்க வேண்டும். இவர்கள் விடை 4.83! அமிலத்தை ஊற்றினால் பிஎச் ஏறுமா? எழுதிய கை எழுதட்டும், கண் ஒரு தடவை பார்க்கக் கூடாதா?

வலிமை குறைந்த அமிலம் தனியாக இருந்தாலும் நிம்மதி இல்லை. அயனிகளாகப் பிரியும் அளவை எக்ஸ் என்று வைத்து, 'எக்ஸ் மிகச் சிறியது, புறக்கணி' என்பது மந்திரமாகிவிட்டது. 0.1 மோலாரில் சரி, அசிட்டிக் அமிலம் 1.3 சதவீதம்தான் பிரிகிறது. அதே மந்திரத்தை 0.0001 மோலாரில் ஓதினால் 42 சதவீதம் என்று வருகிறது. 42 சதவீதம் மிகச் சிறியதா? 5 சதவீதத்தைத் தாண்டினால் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தே ஆக வேண்டும். தீர்த்தால் பிஎச் 4.46, தீர்க்காவிட்டால் 4.37. இரண்டு வரி கூடுதல் வேலை, அவ்வளவுதான்!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு பிஎச் 8 என்று எழுதுகிறார்களே, அதை எப்படிப் பொறுப்பது? அமிலம் காரமாகிவிட்டதா? தண்ணீர் தானே தரும் 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனி எங்கே போயிற்று? 6.98 ஐயா, 6.98!